நிலையத்தின் அயலிலே



கண்டிப் புகையிரத நிலையத்தின் அயலில் வாழும் எங்களுக்குப் பல்லாண்டுகளாகக் கடிகாரமாய் விளங்கியது வண்டியின் ஊதலே. காலை வண்டியோடு அடுப்பு மூண்டது. மாலை வண்டியோடு விளக்கு ஏறியது.

இப்பாதை 1867 ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்தது. மக்களின் வசதிக்காக அன்று. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதற்காகவே. பின்னர்க் கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை தழைத்தது. பாதையும் 1880 இல் மாத்தளைக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1924 இற் பதுளைக்கும் நீண்டது.

பண்டத்திற்கு இட்ட பாதையை மனிதர் தமதாக்கிக்கொண்டனர். மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாய்த் தோட்டங்களுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள், சரசவி உயன நிலையத்தில் இறங்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துட் புகுந்தனர்.

2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதையைத் துண்டித்தன. ஊதல் அடங்கியது. பேருந்துக் கட்டணத்திற்கு வழியற்ற பிள்ளைக்கு அம்மௌனம், பூட்டிய பள்ளிக்கதவுக்கு ஒப்பானது. மலிவான பருவச்சீட்டு ஒன்றே எத்தனையோ பிள்ளைகளின் படிப்பைத் தாங்கி நின்றதை நான் அதிபராயிருந்து கண்டுள்ளேன்.

ஆதலின், பாதையைப் பேணுவோர் சுற்றுலா வண்டிகளை மட்டும் எண்ணலாகாது. எல்லா நிலையங்களிலும் நின்றுசெல்லும் விடியற்காலை வண்டியையும் எண்ணவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஏறுவது அதிலேதான்.