கூடிப் படித்தல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம் பிள்ளைகள் சிலர், 1866-இல் தோன்றிய யூனிவர்சிட்டி கல்லூரியில் விஞ்ஞானம் பயிலச் செல்கின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பிலோ ஆங்கிலம். முதற்பருவத்தில் மதிப்பெண் குறைந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு படி என்கிறோம். இவ்வறிவுரை பொருந்துமா?

1970-களில் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பார் இதனை ஆராய்ந்தார். நுண்கணிதத்தில் பின்தங்கிய கறுப்பின மாணவர் சோம்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தே உழைத்தனர். நன்கு தேறிய சீன வமிச மாணவரோ, தனியே கணக்கிட்டபின் மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டனர். எவருக்கும் வராத கணக்கு எது, தமக்கு மட்டும் வராதது எது என்பது அங்கே தெளிவாயிற்று. தனித்திருந்தவர்க்கு இந்த வேறுபாடே தெரியவில்லை. டிரைஸ்மன் கூட்டுப் பயிற்சிகளை அமைத்தார். எளிய கணக்குகளையன்று, கடினமானவற்றையே கொடுத்தார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

திண்ணையோ கூடமோ, நால்வர் அமர நம் வீட்டில் இடமுண்டு. மலையாள நண்பர்களையும் அழைக்கலாம். நடுவே சிறிது சினிமாப் பேச்சு எழுந்தால் எழட்டும். ஓராண்டு மூத்த மாணவர் ஒருவர் உடனிருப்பின் மிக நன்று. சென்ற ஆண்டு தாம் இடறிய இடம் அவருக்கு இன்னும் மறந்திராது.