ரப்பர் நீளும், பெயிண்ட் நீளாது

ரேணிகுண்டாவிலிருந்து காளத்தி போகிற ரோட்டில், ஏர்பேட்டில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். ஒடுக்கு எடுப்பது, பட்டி போடுவது எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று கார்க் கண்ணாடியையும் கதவையும் சுற்றியிருக்கிற கறுப்பு ரப்பர், நாங்கள் பீடிங் என்போமே, அது.

ஸ்ப்ரே கன்னிலிருந்து விலகிப் பறக்கிற பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து பீடிங்கில் உட்காரும். தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி நறநறக்கும். மேலாக உட்கார்ந்திருக்குமே தவிர, அழுத்தமாகப் பிடித்திருக்காது.

திருத்தணிப் பெரியவர் ஒருவர், ராகு கேது பூஜைக்குக் காளத்தி போகிற வழியில் வண்டியை நிறுத்தினார். வேறெங்கோ பெயிண்ட் அடித்த வெள்ளைக் கார். பீடிங் முழுக்க வெள்ளைத் தூசு. ஷெட் பையன் நான் பார்ப்பதற்குள் தின்னரில் துணியை நனைத்து ஒரு கதவைத் துடைத்துவிட்டான். வெள்ளை போய்விட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் உப்பி, கதவைச் சாத்த முடியவில்லை. இப்போது வருகிற பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் மழையையும் வருஷக்கணக்கில் தாங்கும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் உறிஞ்சி ஊதிவிடும். அந்தப் பீடிங்கை என் செலவில் மாற்றினேன்.

மற்ற கதவுகளுக்கு நானே உட்கார்ந்தேன். பீடிங்கை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். ரப்பர் நீளும், பெயிண்ட் நீளாதே! பொடிப்பொடியாக வெடித்துச் செதிலாக உதிர்ந்தது. மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பனியன் துணி எடுத்துக்கொண்டது. "பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் பெரியவர். காளத்திக்குப் போகிறவருக்கு வேறென்ன நினைவு வரும்!

இதே தூசு படிந்த சொரசொரப்பான பிளாஸ்டிக் பம்பருக்கு மெத்தென்ற பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுப் பாருங்கள். எதுவானாலும் முதலில் மறைவான ஒரு மூலையில்.

கேட்டுக்கொண்டிருக்கிற பெயிண்டர் தம்பிகளே, தூசு படியாமல் தடுக்க ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பே நம் தொழிலுக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் இரண்டு நிறம் அடிக்கிற கார் பெயிண்டர்கள், ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடுகிறதே என்று தவித்தார்கள். அதைப் பார்த்து 1925-ல் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் செய்ததுதான் இந்த டேப். டேப்போடு, பீடிங்கின் உதட்டுக்கு அடியில் மெல்லிய கயிறு ஒன்றைச் செருகுங்கள். உதடு தூக்கிக்கொள்ளும், பெயிண்ட் அதற்கு அடியில் போய் முடியும், ஓரத்தில் கோடே தெரியாது.

நேரமாகிவிட்டது. நாளைக் காலை கன்னைக் கையில் எடுக்கும் முன் ஷெட்டில் யாராவது ஒருவர் கயிறு தேடினால் எனக்குச் சந்தோஷம்.