குலத்தில் சேராத குலங்கள்

கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு அலிப்பூர் ஜூவின் அத்வைதாவை நினைவிருக்கும். ராட்சத ஆமை. கிளைவ் துரையின் தோட்டத்தில் திரிந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. 1876இல் திறந்த அந்த ஜூவில், பார்க்க வந்த எத்தனையோ தலைமுறைகளைப் பார்த்துவிட்டு, 2006 மார்ச்சில் கண்ணை மூடியது. இரண்டாவது இல்லாதது என்று பெயருக்குப் பொருள். பொருத்தமாக வைத்தார்கள். அதே ஜூவில் எழுபதுகளில் டைகான் என்றொரு பிராணியும் இருந்தது. அப்பன் புலி, அம்மா சிங்கம். அதைப் புலிக் கணக்கில் எழுதுவதா, சிங்கக் கணக்கிலா?

இன்று பேசப்போவது கணிதம். ஆனால் இந்த இரண்டு பிராணிகளும் கூடவே வரும்.

தமிழ்ப் பாடநூலில் 'குரூப்' என்பதற்கு 'குலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு சதுரக் கோலம் இருக்கிறது. நீங்கள் திரும்பி நிற்கும்போது நான் அதைக் கால்வட்டம் சுழற்றிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியில் காட்டியதுபோல் இடம் வலம் மாற்றினாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் செய்யக்கூடிய வேலைகள் மொத்தம் எட்டு. அந்த எட்டும் சேர்ந்து ஒரு குலம். இந்தக் குலத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கலாம். மைதானத்துக்குப் போய் ஒரு கால்பந்தை எடுங்கள். கறுப்பில் 12 ஐங்கோணம், வெள்ளையில் 20 அறுகோணம் தைத்த பழைய பந்து. அதை உருட்டி, முன்பிருந்தபடியே தோன்றவைக்க 60 வழிகள் உண்டு. 60 என்ற எண் இரண்டு, இரண்டு, மூன்று, ஐந்து என்று உடையும். அந்த 60 சுழற்சிகளின் குலம் மட்டும் உடையாது. இப்படி உடையாதவற்றுக்கு எளிய குலம் என்று பெயர். எண்களுக்குப் பகா எண் எப்படியோ, குலங்களுக்கு இவை அப்படி. 'எளிய' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முடிவுள்ள எளிய குலங்கள் அனைத்துக்கும் பட்டியல் போட்டுவிட்டார்கள். நூறு பேர் அளவில் உழைத்து, பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி, 1983 வாக்கில் முடிந்தது என்று அறிவித்தார்கள். நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. ஆஷ்பேக்கரும் ஸ்மித்தும் அதை அடைத்தது 2004இல். பட்டியலில் 18 பெரிய வம்சங்கள், ஒவ்வொன்றிலும் முடிவில்லாத உறுப்பினர்கள். எந்த வம்சத்திலும் சேராமல் தனியே நிற்கும் தனிக்குலங்கள் 26. ஒவ்வொன்றும் ஓர் அத்வைதா. டிட்ஸ் குலம் என்று ஒன்று உண்டு. அதை வம்சத்தோடு சேர்ப்பவர் உண்டு, தள்ளி நிறுத்தி 27 என்று எண்ணுபவரும் உண்டு. அதுதான் நம் டைகான்.

முதல் ஐந்தை மாத்யூ என்ற பிரெஞ்சுக்காரர் 1861இலும் 1873இலும் எழுதி வைத்தார். அதன்பிறகு தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. 1965இல் யாங்கோ ஆறாவதைப் பிடித்ததும் வேட்டை தொடங்கிவிட்டது. அதில் மாட்டியவற்றில் மிகப் பெரியது மான்ஸ்டர். அதன் அளவு 54 இலக்க எண். அதை இங்கே வாசித்தால் வானொலி நிலையத்தார் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள். மேடையில் பேசுபவர்கள் எல்லாரும் மான்ஸ்டரைத்தான் காட்டுகிறார்கள். என் ருசி வேறு. இந்தக் கலையின் அழகு அதன் பருமனில் இல்லை.

கல்கத்தாவில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, 1949இல் அமெரிக்கா போன ராஜ் சந்திர போஸையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு விருந்தை எண்ணிக்கொள்ளுங்கள். நூறு பேர். ஒவ்வொருவருக்கும் சரியாக 22 பேரைத் தெரியும். ஒருவரை ஒருவர் தெரிந்த எந்த இருவருக்கும் பொதுவான அறிமுகம் ஒருவர்கூட இல்லை. தெரியாத எந்த இருவரை எடுத்தாலும், இருவருக்கும் தெரிந்தவர் சரியாக ஆறு பேர். நம் வீட்டுக் கல்யாணத்தில் இது நடக்காது! இப்படி ஒழுங்கோடு பின்னிய வலைகளுக்குப் பெயரும் இலக்கணமும் தந்து 1963இல் எழுதியவர் போஸ். இந்த நூறு பேர் வலையை மெஸ்னர் என்பவர் 1956இலேயே தன் ஆய்வேட்டில் கட்டிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து அவரும் போஸும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் இயற்கணிதம் இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. ஆனால் அந்த வலைக்குள் ஒரு புதிய குலம் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. 1967 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாநாடு. ஹிக்மன், சிம்ஸ் என்ற இருவர் மெஸ்னரின் வேலை தெரியாமலேயே ஒரே இரவில் அதே வலையைக் கட்டி, குலத்தையும் பிடித்துவிட்டார்கள். கையில் வைத்திருப்பவனுக்கே தெரியாமல் போவது இந்தத் துறையில் சகஜம்.

இப்போது ராமானுஜனின் கும்பகோணத்துக்கு வருவோம், நாணயங்கள் வழியாக. மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால், அதைத் தொட்டபடி சுற்றி ஆறு நாணயம் வைக்கலாம். ஆரஞ்சுப் பழம் என்றால் ஒன்றைத் தொட்டு பன்னிரண்டு. 24 பரிமாணத்துக்குப் போனால்? லீச் என்பவர் அறுபதுகளில் ஓர் அடுக்கைக் கண்டார். அதில் ஒவ்வொரு பந்தையும் தொட்டு நிற்பவை 1,96,560. அந்த அடுக்கின் சமச்சீரை ஆராய 1968இல் கான்வே என்ற கணிதர் உட்கார்ந்தார். வீட்டில் சொல்லி, வாரத்தில் இரண்டு நாள் நேரம் ஒதுக்கி வாங்கிக்கொண்டார். முதல் சனிக்கிழமையிலேயே, பன்னிரண்டு மணி நேரம் சொச்சத்தில், வேலை முடிந்தது. மூன்று புதிய தனிக்குலங்கள் வெளிவந்தன.

அந்த 1,96,560 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் ராமானுஜன் 'டௌ' என்ற ஓர் எண் வரிசையைப் பற்றி எழுதினார். அதன் பிறப்பிலேயே 24 என்ற பெருக்கல் அடுக்கு இருக்கிறது. வரிசையின் முதல் எண் 1, இரண்டாவது எண் கழித்தல் 24. இரண்டின் பதினோராம் அடுக்கு 2048. ஒன்றைக் கூட்டினால் 2049. அதிலிருந்து ராமானுஜனின் இரண்டாவது எண்ணைக் கழிக்க வேண்டும். கழித்தல் 24ஐக் கழித்தால் கூடும்: 2073. அதை 691ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3. மூன்றை 65,520ஆல் பெருக்குங்கள். 1,96,560! லீச் அடுக்கில் எந்தத் தூரத்தில் எத்தனை பந்து என்பதை எல்லாம் இதே கணக்கு சொல்லிவிடும். ராமானுஜன் இறந்தது 1920இல். இந்த அடுக்கு பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. எனக்கு இந்த இடத்தில் மான்ஸ்டர் எல்லாம் மறந்துபோகிறது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். மான்ஸ்டரை 1980இல் கையாலேயே கட்டிக்காட்டிய கிரைஸ், 26 தனிக்குலங்களைப் பிரித்தார். மான்ஸ்டருக்குள் இடம் கிடைத்த இருபதும் மகிழ்ச்சியான குடும்பம். வெளியே நின்ற ஆறுக்கு அவர் வைத்த பெயர் 'பரையா'. இந்த ஆங்கிலச் சொல் நம் ஊரிலிருந்து போனது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சாதிப் பெயர், ஐரோப்பியர் வாயில் விழுந்து, தள்ளிவைக்கப்பட்டவர் என்ற பொருளுக்கு நின்றுவிட்டது. 1893இல் அந்தப் பெயரையே தன் பத்திரிகைக்குச் சூட்டி நிமிர்ந்து நின்றவர் ரெட்டமலை சீனிவாசன். கிரைஸ் சாதியை நினைத்து வைத்திருக்க மாட்டார். ஆங்கிலத்தில் கிடைத்த சொல்லை எடுத்தார். ஆனால் தமிழில் இதை வாசிப்பவனுக்கு, 'குலம்' என்ற பாடநூல் சொல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் நடுவில் ஒரு தெருவே தெரிகிறது.

அந்த ஆறிலும் உபயோகம் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஆறில் ஒன்று ஓ'நான் குலம். 2017இல் டங்கன், மெர்டென்ஸ், கென் ஓனோ மூவரும் அந்தக் குலத்துக்கும் எண் கணிதத்தின் எலிப்டிக் வளைவுகளுக்கும் உறவு இருப்பதைக் காட்டினார்கள். கென் ஓனோவின் தகப்பனாரும் கணித மேதை. ராமானுஜனுக்குச் சிலை வைக்கப் பணம் அனுப்பியதற்காக, 1984இல் சென்னையிலிருந்து ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் கென், ராமானுஜன் மேல் பித்துப் பிடித்து வளர்ந்தவர். வெளியே நின்ற குலத்தை உள்ளே அழைத்துவந்த அந்தக் கட்டுரைக்கு மூவரும் வைத்த தலைப்பு, 'பரையா மூன்ஷைன்'.