காய்ச்சலும் பாய்ச்சலும்

(கோரிப்பாளையத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் கோரிப்பாளையத்தில்தான் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியவர்களுக்கு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. காய்ச்சலில் நினைவு தப்பிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுப்பட்டிப் பாட்டாளி ஓடி வருவது இங்கேதான்.

அப்படி நினைவைத் தப்ப வைக்கும் நோய்களில் ஒன்று ஜப்பானிய மூளைக் காய்ச்சல். நம் நாட்டில் இது முதன்முதலாக 1955-ல், தமிழகத்தின் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. கிருமி ஏறியவர்களில் மிகச் சிலருக்கே நோய் முற்றுகிறது. ஆனால் மூளையைத் தாக்கிவிட்டால் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்க நேர்கிறது. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் விளங்குவதில்லை; புத்தி தெளிவதில்லை.

இது எப்படி வருகிறது? கொக்கு இனப் பறவைகளின் உடலிலும், பன்றியின் உடலிலும் கிருமி பெருகுகிறது. அவற்றைக் கடித்த கியூலெக்ஸ் கொசு நம்மையும் கடிக்கிறது. அந்தக் கொசு முக்கியமாகப் பெருகுவது, நாம் நாற்று நடும் வயலில் தேங்கிய நீரில். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. பறவை, பன்றி, வயல்நீர், கொசு, மனிதன் என்று எல்லாம் ஒரே சங்கிலி.

ஆனால் சர்க்கார் இலாகாக்கள்? மனிதனுக்குச் சுகாதார இலாகா. பன்றிக்குக் கால்நடை இலாகா. பயிருக்கு வேளாண்மை இலாகா. வாய்க்காலுக்கு நீர்வள இலாகா. நான்குக்கும் தனித்தனி மேஜை, தனித்தனிக் கோப்பு!

மனிதர், விலங்கு, சுற்றுப்புறம் மூன்றின் நலமும் ஒன்றே என்று உலக நிபுணர்கள் இன்று கூறுகிறார்கள். இதற்கான தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாகபுரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நல்லது, கட்டிடம் எழும்பட்டும். ஆனால் கொசு கடிப்பது கழனியில் அல்லவா?

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. பக்கத்துச் சின்னச் சொக்கிகுளத்திலேயே மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் இயங்கியது. இன்று அது புதுச்சேரி ஆராய்ச்சி மையத்தின் கிளை. இங்கிருந்த விஞ்ஞானிகள் நெல்வயலில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1995-ல் அச்சாகி வந்தது. வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல், விட்டு விட்டுப் பாய்ச்சினார்கள். கொசுப்புழு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் சம்சாரிகள் சொல்வது இதைத்தான்.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை? காயவிட்ட வயலுக்கு மறுபடி நீர் வரும் என்ற நிச்சயம் வேண்டும். கடைமடைச் சம்சாரிக்கு அந்த நிச்சயம் இல்லை. கிடைத்த நீரை வரப்பு முட்டத் தேக்கத்தானே செய்வார்! அடுத்த வயலில் நீர் நின்றால், ஒருவர் மட்டும் காயவிட்டும் பயனில்லை. ஆகவே தோழர்களே, தண்ணீர்ப் பிரச்சினையே காய்ச்சல் பிரச்சினையாகவும் இருக்கிறது.

பன்றி வளர்ப்போரை விரட்டினால் நோய் தீருமா? அடுத்த ஊருக்குப் போகும். குடியிருப்புக்குத் தள்ளி இடமும், கொசுவலை அடித்த கொட்டகையும் தருவதுதான் வழி.

ஆலைத் தோழர்கள் இதைக் காட்டு வேலைக்காரரின் கவலை என்று ஒதுக்க வேண்டாம். உங்களில் பலரது பெண்டு பிள்ளைகள் இருப்பது வயல் ஓரத்து ஊர்களில். சங்கத்தின் பலமும் உங்களிடம் இருக்கிறது.

நமது கோரிக்கைகள் இவை:

1. ஒன்றியம் தோறும் நான்கு இலாகாக்களும் சேர்ந்து அமரும் குழு வேண்டும். விவசாயத் தொழிலாளர், பன்றி வளர்ப்போர் பிரதிநிதிகளும் அதில் சம அந்தஸ்துடன் இருக்க வேண்டும்.

2. நீர் பாய்ச்சுகிறவர், நடவுப் பெண்கள், கிராம செவிலியர், கால்நடை ஊழியர் அனைவருக்கும் ஒரே இடத்தில், கூலி இழப்பில்லாமல் பயிற்சி தர வேண்டும். கொசுப்புழுவை முதலில் பார்ப்பது சேற்றில் நிற்பவரே.

3. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கால்நடை மருந்தகங்களிலும் காலியிடம் ஏற்பட்டால் உடனே நிரப்ப வேண்டும்.

4. கடைமடை வரை முறைநீர் நிச்சயப்பட வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் நாட்டில் இந்த நோய்க்கான தடுப்பூசி இயக்கம் 2006-ல் தொடங்கியது. நோய் காணும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை போடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அடுத்த வீட்டு அட்டையையும் கேட்டுப் பாருங்கள். விடுபட்ட பிள்ளைகளின் பட்டியலோடு, மேற்படி கோரிக்கைகளையும் ஊர் சார்பில் எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு நாம் போவோம். தனித்தனியாக அல்ல, சங்கமாக!