மரத்தில் எத்தனை புறா?

எங்கள் பழைய தோட்டத்து நண்பர்களின் புலனக் குழுவில் நேற்றிரவு ஒரு கணக்கு வந்தது. தனியாகப் பறந்த புறா ஒன்று, மரத்திலிருந்த கூட்டத்திடம், "நீங்கள் 100 பேரா?" என்று கேட்டதாம். "இல்லை. நாங்களும், எங்கள் அளவு இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் 100" என்றனவாம்.

ஈப்போ நண்பர் சமன்பாடு போட்டு அனுப்பினார். எனக்குப் பாட்டியின் வழிதான் பிடிக்கும். பால் வெட்டிய கை, பள்ளிக்கூடம் போனதில்லை. ஒன்று, ஒன்று, அரை, கால்: மொத்தம் இரண்டே முக்கால், அதாவது 11 கால். கேட்ட புறாவைக் கழித்தால் 99. ஒரு காலுக்கு 9, நாலு காலுக்கு 36. லயத்து வாசலில் உட்கார்ந்து விரல் மடக்கியே சொல்லிவிடுவார்.

காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' இத்தகைய கணக்குகளின் களஞ்சியம். பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணவும் அதில் வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. எல்லாப் பழமும் இதற்கு அடங்காதுதான். ஆனால் பிள்ளைகள் பழத்தை விட்டு நகரமாட்டார்கள்!

புறாக் கணக்குக்குப் பதிலாக நான் குழுவில் ஒரு விடுகதை போட்டேன்: மாடில்லை, பால் உண்டு; கீறினால் வரும், குடிக்க முடியாது. பெரியவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். செம்பனையை மட்டுமே பார்த்து வளர்ந்த என் பேரப்பிள்ளைகளுக்கு விடை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் கூட்டிப்போய், பால்மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.