பழங்கல்லும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நம்முன் ஒரு தீர்மானம் வந்திருக்கின்றது. நமது ஊர்க் கோயிலில் முன்னோர் எடுப்பித்த கன்மண்டபத்தைப் பிரித்துவிட்டு, அவ்விடத்தே புதிதாய்ச் சிமெண்டு மண்டபம் கட்டவேண்டுமென்பதே அது. பொருளுதவ முன்வந்த கனவான்களின் பக்தியை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும், கையொப்பமிடுமுன் ஒரு வரலாற்றைக் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

அரியலூர் மாவட்டத்திலே கங்கைகொண்ட சோழபுரம் என்னும் ஊர் உளது. முதலாம் இராசேந்திர சோழன், தன் படை கங்கைவரை சென்று மீண்ட வெற்றிக்கு அடையாளமாக நிறுவிய நகரம் அது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்க்குத் தலைநகராய் விளங்கிற்று. இன்று அங்கே அரண்மனை இல்லை; அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளமே காணப்படுகின்றது. 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த விமானத்தோடு சிவாலயம் மட்டும் நிற்கின்றது.

அவ்வாலயமும் முழுமையாய் நமக்குக் கிட்டவில்லை. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல் வேண்டுமென்று அதன் திருமதிலைப் பெரும்பாலும் இடித்தெடுத்தனர். சிற்பக் கற்களும் பல போயின. ஊரிலிருந்த ஏழை மக்கள் தம்மாலியன்ற மட்டும் தடுத்தும் பயனில்லை. ஈடாகச் செங்கன்மதில் எடுத்துத் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லையென்று, சில ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட குறிப்பொன்று கூறுகின்றது. அணை நல்லதே, அதன் நீரால் விளைந்த நெல்லை உண்டோர் பலர். ஆயினும் அணைக்குக் கல் வேறிடத்திற் கிடைத்திருக்கும். அம்மதிலோ வேறெங்குங் கிடையாது.

பழஞ்சின்னங்களைக் காத்தற்கென்று நாடு முழுமைக்குமான தனிச்சட்டம் அந்நாளில் இல்லை. தொல்பொருள் ஆய்வுத்துறை 1861-இல் தோன்றிற்று. 1904-இல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1958-இல் இந்திய நாடாளுமன்றம் விரிவான சட்டம் இயற்றிற்று. 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பார்க்கு இரண்டாண்டு வரை சிறையும், ஓரிலக்கம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னங்களுள்ளும் இடம்பெற்றது.

ஆனால், அன்பர்களே, இக்காவல் எத்தனைக்கு? இந்தியா முழுவதிலும் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சமே. தமிழ்நாட்டு அரசு 1966-இல் தனிச்சட்டம் செய்து வேறு சிலவற்றைக் காக்கின்றது. நமது மண்டபமோ எப்பட்டியலிலும் இல்லை. அதற்குக் காவல் நாமே.

அம்மண்டபத்துத் தூண்களிலும் அதிட்டானத்திலும் எழுத்துக்கள் உள. சுண்ணாம்பு பூசி மறைத்தவர் அயலாரல்லர். நம்முள் மூத்தோரே, நன்மையென்று கருதி அவ்வாறு செய்தனர். அவ்வெழுத்துக்களில் என்ன உளதென்று நம்மில் எவரும் அறியோம். பிற கோயில்களிலே, நந்தாவிளக்கெரிக்க 96 ஆடு விட்ட எளியோரின் பெயரும், ஏரிக்கரை கட்டியோர் பெயரும், நிலத்தின் எல்லையும் கல்லில் நிற்கின்றன. குலப்பெருமையை மேடைதோறும் பேசும் நாம், முன்னோர் தம் கையாற் பொறித்த சாட்சியைப் படியாமலே உடைப்பது தகுமோ?

ஆதலின் மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, மண்டபத்தைப் பிரிக்கும் வேலையை ஓராண்டு நிறுத்திவைக்க. இரண்டாவது, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதி, கல்வெட்டறிஞரை வருவித்து மைப்படி எடுப்பிக்க. நனைத்த தாளைக் கல்லிற் பொருத்தித் தூரிகையால் தட்டி மையொற்றும் இவ்வேலைக்குச் செலவு சிறிது, பயனோ பெரிது. மூன்றாவது, அதுகாறும் கல்லின்மேல் மணல் வீச்சு இயந்திரமும் வண்ணப்பூச்சும் படாதிருக்க. மணல் வீச்சினால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

புது மண்டபம் வேண்டுமெனில் கோயிலுக்கு வெளியே, சங்கத்து நிலத்திற் கட்டுவோம். அதற்கு நாமும் இயன்றதைத் தருவோம். திருப்பணி என்பது இருப்பதை நிலைபெறச் செய்தலுமாம். கங்கைகொண்ட சோழபுரத்து ஏழைகள் அன்று தடுக்க முயன்றும் வலியற்றுப்போயினர். நமக்கோ இன்று தடுப்பாரில்லை; கை நம்முடையது, கடப்பாரையும் நம்முடையது. தீர்மானத்தைத் திருத்தியருளுமாறு பணிந்து வேண்டி அமைகின்றோம்.