சம்பளம் வாராத மாதம்

(திருமங்கலத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், உத்தியோகஸ்தர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் முன்னிட்டு நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மகிழ்ச்சி தருவதன்று. சம்பளத்தை நம்பி வாழும் வீட்டில் ஒரு மாதம் சம்பளம் வாராமற்போனால் என் செய்வது என்பதே அது. “சர்க்கார் உத்தியோகத்தில் அவ்வாறு நேருமோ?” எனத் தங்களிற் பலர் ஐயுறலாம். நேரும் என்பதையும், நேருமுன் செய்யத்தக்கன யாவை என்பதையும் எடுத்துரைப்பதே நம் நோக்கம். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடையோர் செயலன்றோ?

நம் முன்னோர் பெரும்பாலும் வணிகர். கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்த ஆண்டில் பேட்டையில் வண்டிகள் நெருங்கி நின்றன; மழை பொய்த்த ஆண்டில் கடைக்காரர் தராசைத் துடைத்து வைத்துவிட்டு வாயிலை நோக்கியிருந்தனர். வரவு மிகுந்த மாதமும் மந்தமான மாதமும் மாறிமாறி வருமென்பதை வணிகன் வீட்டுக் குழந்தையும் அறிந்திருந்தது. ஆதலின் ஆண்டுக்கு வேண்டிய புளியும் மிளகாயும் பருப்பும் முன்னரே வீடு சேர்ந்தன. குதிரில் தானியம் இருந்தது. கைமுதலைத் தொடுவது பாவமெனக் கருதப்பட்டது.

இன்று அவ்வீடுகளின் பேரப்பிள்ளைகள் தாலுகாக் கச்சேரியிலும், பள்ளிகளிலும், மின்வாரியத்திலும், இரயில்வேயிலும், பல்கலைக்கழகத்திலும் பணியாற்றுகின்றனர். இது நமக்குப் பெருமையே. ஆயினும் மாதந்தோறும் தவறாது வந்த சம்பளம் மந்தம் என்னும் சொல்லையே அவர்கள் நெஞ்சினின்று அகற்றிவிட்டது. குதிர் போயிற்று, அதனிடத்தில் மாதத் தவணை வந்து அமர்ந்தது.

சம்பளமற்ற கட்டாய ரஜா என்பது மிக வெளிப்படையாக நிகழும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடாகும். அங்கே வரவு செலவு ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் சட்டசபையார் பண ஒதுக்கீட்டை நிறைவேற்றாவிடில், ஒதுக்கீடு பெறாத இலாகாக்கள் செலவு செய்தல் சட்டவிரோதமாகும். உடனே உத்தியோகஸ்தர்கள் இருவகையாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு வகையார் வேலையும் சம்பளமும் இன்றி வீட்டிலிருக்க வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கும் பணியிலுள்ள மற்றொரு வகையார் சம்பளமின்றியே வேலைக்கு வர வேண்டும். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் இந்நிலை நீடித்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் அதற்கு ஆளாயினர். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. செல்வத்திற் சிறந்த அந்நாட்டிலே, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தர்ம உணவுச் சாலைகளின் வாயிலில் வரிசையாக நின்றதை உலகம் கண்டது.

நம் நாட்டில் இவ்விதமே நேராமைக்குக் காரணமுண்டு. நம் அரசியலமைப்பின் 116ஆம் விதிப்படி பாராளுமன்றமும், 206ஆம் விதிப்படி மாகாணச் சட்டசபையும், முழு வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் சில மாதச் செலவுக்கு முன்கூட்டி அனுமதி வழங்கலாம். பண மசோதாவை மேற்சபை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க இயலாது. கீழ்ச்சபை பணம் மறுத்தால் மந்திரிசபையே வீழும், கச்சேரிகள் மூடப்படா. ஆகவே பூட்டிய கச்சேரியை நாம் கண்டதில்லை. ஆனால் பூட்டாத கச்சேரியில் சம்பளம் வாராதிருத்தலைக் கண்டிருக்கிறோம்.

1931ஆம் ஆண்டில், உலகப் பொருளாதார மந்தத்தின்போது, ஆங்கில அரசாங்கம் உத்தியோகஸ்தர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தது. அது பழங்கதை எனலாம். 2019 பிப்ரவரி மாதச் சம்பளம் பி.எஸ்.என்.எல். ஊழியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு உரிய நாளில் கிடைக்கவில்லை. 2020இல், தொற்றுநோய்க் காலத்தில், கேரள அரசு மாதம் ஆறு நாட் சம்பளத்தை ஐந்து மாதங்களுக்கு நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்கவே, அவசரச் சட்டம் பிறப்பித்து அதனை நிறைவேற்றியது. அவ்வாண்டிலேயே நம் தமிழக அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது; ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் உரிமையையும் ஓராண்டுக்கு நிறுத்தியது. 2024 செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்தில் சம்பளம் 5ஆம் தேதிக்கும் ஓய்வூதியம் 10ஆம் தேதிக்கும் தள்ளிப்போயின.

கடல் கடந்து இலங்கையை நோக்குவோம். 2022இல் அந்நாட்டுப் பொக்கிஷம் வறண்டு எரிபொருளும் அரிதானபோது, சர்க்கார் ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டுத் தோட்டத்திற் பயிரிடுமாறு கூறினர். ஐந்தாண்டு வரை சம்பளமற்ற ரஜாவில் வெளிநாடு சென்று பிழைக்கவும் அனுமதித்தனர்.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என எண்ணற்க. நம் ஊருக்கு அணித்தே, 1966இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், 2024ஆம் ஆண்டில் பணமுடையால் ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் சம்பளம் மாதக்கணக்கில் தாமதப்பட்டது, ஓய்வூதியரும் இன்னலுற்றனர். அவர்கள் பல்கலைக்கழக வாயிலில் அமர்ந்து முறையிட நேர்ந்தது. பிள்ளைகட்குப் பாடம் கற்பித்தோர் பால்காரருக்கு மறுமொழி கூற இயலாது நின்ற நிலை எத்துணைக் கொடிது!

இவ்விரு நாட்டு நிலைகளையும் ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு புலனாகிறது. அமெரிக்காவில் ஒவ்வோர் இலாகாவும், பணம் நின்றால் யார் வரவேண்டும், யார் வீட்டிலிருக்கவேண்டும் என்னும் திட்டத்தை முன்னரே எழுதி வைத்திருக்கிறது. ரஜாவில் அனுப்பப்படுவோர்க்குக் கடிதமும் தரப்படுகிறது. பணி மீண்டும் தொடங்கியபின் நின்ற சம்பளம் முழுதும் அளிக்கப்பட வேண்டுமென 2019இல் சட்டமும் இயற்றினர். நம்மிடத்திலோ அத்தகைய கடிதம் இல்லை. “நாளை வரும், நாளை மறுநாள் வரும்” என்னும் வாய்ச்சொல்லே உண்டு. சம்பளம் நிற்பதினும் என்று வருமெனத் தெரியாதிருப்பதே குடும்பத்தைக் குலைக்கிறது. ஆதலின் அவ்வயல்நாட்டாரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அந்தக் கடிதமே.

நம்மவருள் கச்சேரித் தலைவர்களாகவும் கணக்கு அதிகாரிகளாகவும் விளங்குவோர்க்கு இது நம் விண்ணப்பம். பணமுடை தோன்றும் குறியைக் கண்டதும் கீழ்ப்பணியாளரை அழைத்து உண்மையைக் கூறுங்கள். எத்தொகை நிற்கும், எது நிற்காது, சேமநிதிக்கும் காப்பீட்டுக்கும் பிடித்தம் செய்யவேண்டிய தொகை என்னாகும் என்பவற்றை எழுத்தில் கொடுங்கள். “இவர் பணியில் உள்ளார்; இம்மாதச் சம்பளம் நிர்வாகக் காரணத்தால் தாமதப்பட்டுள்ளது” என்னும் ஒரு சான்றுக் கடிதம், வங்கியிலும் பள்ளியிலும் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கும். அதற்கு ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும்.

மற்றொன்றும் உண்டு. கச்சேரியைப் பெருக்குவோர், காவல் காப்போர், கணிப்பொறியில் எழுதுவோர் ஆகியோரிற் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அமெரிக்காவில் உத்தியோகஸ்தர்க்கு நின்ற சம்பளம் பின்னர்க் கிடைத்தது. ஒப்பந்த ஆட்களுக்கு அவ்வுறுதி இல்லை. இங்கும் முதலிற் பட்டினி கிடப்போர் அவர்களே. அவர்கள் நம் சமூகத்தார் அல்லர் எனச் சிலர் கூறலாம். பசி குலம் கேட்பதில்லை.

இனிக் குடும்பத்தார் செய்யத்தக்கன கூறுவாம். கணக்குப் போடுதலே முதற் காரியம். ஒரு வீட்டில் சம்பளம் ரூ. 45,000 எனக் கொள்வோம். வீட்டுக் கடன் தவணை 15,000; வாகனத் தவணை 3,000; சீட்டு 5,000; ஆக 23,000. எஞ்சிய 22,000 உணவுக்கும் மற்றவைக்கும் ஆகிறது. சம்பளம் நின்றால் இந்த 22,000த்தை 12,000 ஆகச் சுருக்கலாம். அந்த 23,000த்தில் ஒரு காசும் சுருங்காது. ஆகவே மாதம் 35,000 வேண்டும்; மூன்று மாதத்திற்கு 1,05,000. மாதம் 3,000 ஒதுக்கினால் இத்தொகை சேர 35 மாதங்கள் ஆகும். நீண்ட காலமே, எனினும் இன்று தொடங்காதவர்க்கு அது என்றும் சேராது. வயிற்றுச் செலவைக் குறைத்தல் எளிது, வாக்குக் கொடுத்த தவணையைக் குறைத்தல் அரிது என்பதை இக்கணக்கே உணர்த்தும். புதிய தவணையில் கையொப்பமிடுமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இரண்டாவது, எங்கிருந்து பணம் பெறலாம் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல். பழைய ஓய்வூதிய முறையிலுள்ளோர் பொது வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறலாம். ஆனால் 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் தமிழக அரசுப் பணியிற் சேர்ந்து பங்களிப்பு முறையில் வைக்கப்பட்டோர்க்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை. இளைஞர்களே இதனை மிகுதியும் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இருந்த குதிர் உங்களுக்கு இல்லை.

மூன்றாவது, வங்கிக்குத் தவணை நாளுக்கு முன்னரே சென்று நிலைமையை எழுத்தில் தெரிவித்தல். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடனாகக் குறிக்கப்படும். பின்னர்க் கெஞ்சியும் பயனில்லை. ஆயுள் காப்பீட்டுப் பிரிமியம் மாதந்தோறும் கட்டுவோர்க்கு 15 நாளும், ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவோர்க்கு 30 நாளும் சலுகை உண்டு. அதற்குள் எவ்வாறேனும் கட்டிவிடல் வேண்டும். நகையை அடகு வைக்க நேரின் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்க. அதுவும் வேண்டிய அளவே பெறுக.

நான்காவது, கந்துவட்டிக்காரரின் வாயிலை மிதியாதிருத்தல். அதனைத் தடுக்க 2003இல் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் மாலையிற் கேட்டவனுக்குக் காலையிற் பணம் தருவோர் இன்னும் உளர். மூன்று மாதத் தாமதம் மூன்று மாதத்தில் தீரும்; அதற்காக வாங்கிய கந்துவட்டி மூன்று தலைமுறைக்கும் தீராது.

ஐந்தாவது, வீட்டிலுள்ளோரிடம் உண்மையை மறையாதிருத்தல். சம்பளம் வாராத செய்தியை மனைவியிடமும் கூறாமல், நாள்தோறும் சட்டையணிந்து புறப்பட்டு, வெளியிலே கடன் வாங்கி வந்து “சம்பளம்” எனக் கொடுப்போர் உண்டு. மானத்தின் பொருட்டே அவ்வாறு செய்கின்றனர். ஆயின் சம்பளம் நின்றது அவர் குற்றமா? குற்றமில்லாத இடத்தில் நாணம் எதற்கு? தாய்மார்களே! வீட்டுச் செலவைச் சுருக்கும் வித்தை உங்களிடமே உள்ளது. உண்மையைக் கூறினால் நீங்கள் துணைநிற்பீர்கள் என்னும் நம்பிக்கையை உங்கள் இல்லத்தார்க்கு இன்றே அளியுங்கள்.

இறுதியாக நம் சங்கத்தின் கடமையைக் கூறுகிறோம். திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நம் முன்னோர் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தனர். அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் 1885இல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு அம்மகமையும், சமைக்குமுன் வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியும் துணைநின்றன. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எவ்வீட்டிலும் பசியுண்டாகவில்லை; அப்பிடிகள் சேர்ந்து ஒரு பள்ளி எழுந்தது.

அம்முறையையே இன்று சம்பளக்காரர் கைக்கொள்ளலாம். சம்பளம் வரும் மாதந்தோறும் ஒரு குடும்பம் ரூ. 100 தருமாயின், 200 குடும்பங்களால் ஆண்டுக்கு 2,40,000 சேரும். இதனைக் கைம்மாற்று நிதியாக வைத்து, சம்பளம் நின்ற வீட்டுக்கு ரூ. 10,000 வரை வட்டியின்றிக் கொடுத்து, சம்பளம் வந்தபின் பத்து மாதத்தில் திரும்பப் பெறலாம். பெற்றவர் பெயர் பொறுப்பாளர் மூவரைத் தவிர எவருக்கும் தெரியலாகாது. மளிகைக் கடை நடத்தும் சகோதரர்கள் அம்மாதம் பற்று வரவைப் பொறுத்துக்கொள்வதும், பள்ளி நடத்துவோர் சம்பளத் தொகையைப் பின்னர்ப் பெற்றுக்கொள்வதும் பேருதவியாகும். சான்றுக் கடிதம் கொண்டுவரும் ஒப்பந்த ஊழியருக்கும், அவர் எக்குலத்தவராயினும், இந்நிதியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

அன்பர்களே! அச்சமூட்டும் பொருட்டு இவற்றை நாம் கூறவில்லை. பெரும்பாலோர்க்குச் சம்பளம் தவறாது வரும். வருக என்றே வாழ்த்துகிறோம். ஆயினும் மந்த மாதத்தை எதிர்பார்த்து வாழ்ந்த வணிகனின் வழிவந்தோர், அவ்வறிவை உத்தியோகத்திலும் கைவிடலாகாது. இந்நிதி பற்றிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற் கொண்டுவர எண்ணியுள்ளோம். அதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்து வருமாறு வேண்டுகிறோம்.